சீக்கிரம் காலியாக வேண்டிய காப்பகம்

ஒரு கணக்கோடு தொடங்கலாம். ஒரு பிராணிகள் காப்பகத்துக்கு நாளுக்கு 2 நாய்கள் வந்து சேருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாயையும் யாராவது தத்து எடுத்துப் போக சராசரியாக 60 நாள் ஆகிறது. அப்படியானால் எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் அங்கே சுமார் 120 நாய்கள் இருக்கும். 120 நாய்களுக்கும் இடம், சோறு, தண்ணீர், ஆள், ஊசி மருந்து எல்லாம் வேண்டும். அதே காப்பகத்தில் நாய்கள் 20 நாளில் வீடு போய்ச் சேர்ந்தால்? 40 நாய்களுக்கு இடம் இருந்தால் போதும். வருகிற நாய்கள் குறையவில்லை, வருஷத்துக்கு அதே 730தான். ஆனால் கட்டடம் மூன்றில் ஒரு பங்கு போதும். அதே ஆட்கள் மூன்று மடங்கு நேரம் ஒவ்வொரு நாயோடும் செலவழிக்கலாம்.

நவீனக் காப்பகம் என்கிற எண்ணம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. ஒரு பிராணி உள்ளே வந்த நாளுக்கும் வெளியே போகிற நாளுக்கும் இடையில் உள்ள நாட்களைக் குறைக்க வேண்டும். சுவர், கூரை, கதவு, வடிகால், பெஞ்சு என்று எதைக் கட்டினாலும் அந்த நாட்களைக் குறைக்க அது உதவுகிறதா என்று கேட்டுப் பார்த்துக் கட்ட வேண்டும். நன்கொடை தருகிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை நாய்க்கு இடம் இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். "ஒரு நாய் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டால் அந்தக் காப்பகத்தின் நிலைமை உடனே தெரிந்துவிடும்.

வேலூர்க்காரர்கள் இதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் இது. பள்ளி கல்லூரிகள், மருத்துவமனைகள், பஸ் ஸ்டாண்டுகள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களில் திரியும் தெரு நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, திரும்ப அங்கேயே விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆஸ்பத்திரியையும் கல்லூரிகளையும் சுற்றி வளர்ந்த ஊர் நம்முடையது. அத்தனை நாய்களையும் வைப்பதற்கு இடம் கட்டிக்கொண்டே போனால் எந்தக் காலத்திலும் போதாது. உள்ளே வருவதற்கு ஒரு வழி இருந்தால் வெளியே போகவும் ஒரு வழி வேண்டும், அந்த வழி ஒரு வீட்டு வாசலில் போய் முடிய வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாய்களை வைக்கிற இடம் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. மாநகராட்சிகள் நடத்தும் கருத்தடை மையம் ஒரு வகை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அங்கே அறுவை சிகிச்சை முடிந்து, காயம் ஆறிய நாய் பிடித்த தெருவிலேயே விடப்படும் (உச்ச நீதிமன்றம் சொன்ன இடங்களில் பிடித்தவை தவிர). இன்னொரு வகை, கால் போன நாய், கண் தெரியாத மாடு, வயதான குதிரை என்று எங்கேயும் போக முடியாத உயிர்களை ஆயுசு முழுக்க வைத்துப் பார்ப்பது. அதற்குத் தோட்டம் மாதிரியான அமைதியான இடம் போதும். இந்தக் கட்டுரையில் நாம் பார்ப்பது மூன்றாவது வகை: ஒரு வீட்டோடு வாழக்கூடிய நாயையும் பூனையையும் கொஞ்ச நாள் வைத்திருந்து, தேற்றி, பழக்கி, தத்துக் கொடுக்கிற இடம். இந்த மூன்றையும் ஒரே கொட்டகையில் போட்டு நடத்தும்போதுதான் எல்லாமே கெட்டுப்போகிறது.

இந்த மூன்றாவது வகைக்கு ஒரு வரலாறு உண்டு. 1860ல் லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி தொடங்கிய நாய் இல்லம்தான் பின்னாளில் பாட்டர்ஸீ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. நம் பக்கத்தில் 1959ல் சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் ப்ளூ கிராஸ் என்ற பிராணி நல அமைப்பைத் தொடங்கினார். ஆனால் கட்டட வடிவமே தத்தெடுப்பைக் கூட்டும் என்று பெரிய அளவில் செய்து காட்டியது சான் பிரான்சிஸ்கோவில் 1998ல் திறந்த மேடீஸ் தத்தெடுப்பு மையம். கம்பிக் கூண்டு வரிசைக்குப் பதிலாக, சின்னச் சின்ன அறைகளில், வீட்டில் இருப்பது போலவே நாய்களையும் பூனைகளையும் வைத்தார்கள். 2001ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் காப்பக மருத்துவத்துக்கென்றே தனித் திட்டம் வந்தது. அதற்குப் பிறகு இது அறிவியலாகவே வளர்ந்துவிட்டது.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

இடம் எங்கே?

காப்பகம் என்றாலே ஊருக்கு வெளியே, ஏதாவது ஏரிக்கரைப் பக்கம், யாரும் போகாத இடத்தில் நிலம் தருவார்கள். நிலம் விலை குறைவு, குரைக்கிற சத்தத்துக்குப் புகார் வராது என்பது காரணம். ஆனால் தத்து எடுக்க வருகிறவர் யார்? சத்துவாச்சாரியில் இருக்கும் ஒரு குடும்பம், காந்தி நகரில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர், பாகாயத்தில் பள்ளிக்குப் போகும் பெண்ணை வைத்திருக்கும் அம்மா. இவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோ வந்து பார்த்துவிட்டுப் போகிற தூரத்தில் இடம் இருக்க வேண்டும். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் ஓடுகிற டவுன் பஸ் தடத்தில், ஸ்டாப்பில் இறங்கி நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும் அரை ஏக்கர், மலை ஓரத்தில் கிடைக்கும் ஐந்து ஏக்கரை விட மேல் என்று நான் நினைக்கிறேன்.

ஊருக்குள் அவ்வளவு இடம் கிடைக்கவில்லையென்றால் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். புதிதாக வந்த நாய்கள், சிகிச்சை, அறுவை அரங்கம் எல்லாம் வெளியே இருக்கட்டும். தத்துக்குத் தயாரான 8 நாய்கள், 6 பூனைகள் மட்டும் ஊருக்குள் ஒரு பழைய வீட்டில் இருக்கட்டும். முற்றமும் தாழ்வாரமும் உள்ள பழைய ஓட்டு வீடுகள் இதற்கு அருமையாகப் பொருந்தும். நடுவில் வெளிச்சம், சுற்றிலும் நிழல், காற்று வர இரண்டு பக்கம். புதிதாகக் கட்டும்போது நாம் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியதெல்லாம் அதில் ஏற்கனவே இருக்கும்.

திறந்திருக்கும் நேரமும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான். காலை 10 முதல் மாலை 5 என்று அரசு அலுவலக நேரம் வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது. அதோடு கத்திரி வெயிலில் மதியம் 2 மணிக்கு நம் ஊரில் மனுஷனும் வெளியே வர மாட்டான், நாயும் எழுந்து நிற்காது. மூலையில் சுருண்டு கிடக்கிற நாயைப் பார்த்துவிட்டு "இதுக்கு உடம்பு சரியில்லை போல" என்று போய்விடுவார்கள். மாலை 4 முதல் 8 வரை திறந்து வைப்பதுதான் நியாயம். அதற்குத் தகுந்த மாதிரி நல்ல வெளிச்சம் தரும் விளக்குகள் வேண்டும். இருட்டில் நாயின் முகம் தெரியாது. கறுப்பு நாய் சுத்தமாகத் தெரியாது.

இரண்டு வாசல்

காப்பகத்துக்கு இரண்டு வாசல் கட்டாயம். ஒன்று, பிராணிகள் வந்து சேர்கிற வாசல். இன்னொன்று, பார்வையாளர் வருகிற வாசல். வேலூரில் இதை விளக்குவது சுலபம். ஆஸ்பத்திரியில் தொற்று வார்டு வழியாகப் பிரசவ வார்டுக்குப் போக விடுவார்களா? அதே நியாயம்தான் இங்கேயும்.

புதிதாக வருகிற நாய் எந்த நோயைச் சுமந்துகொண்டு வருகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. பார்வோ வைரஸ் உடம்பில் புகுந்து பேதியும் வாந்தியும் தொடங்க ஒரு வாரம் வரை, சில சமயம் இரண்டு வாரம் வரை ஆகலாம். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோயும் அப்படியே, இன்னும் தாமதமாகக்கூட வரும். அதனால் வந்தவுடன் தடுப்பூசி, பூச்சி மருந்து, பிறகு கண்காணிப்பு அறை. நோய் அறிகுறி தெரிந்தால் தொற்று அறை. இந்த இரண்டு அறைகளுக்கும் தனி வாளி, தனி துடைப்பம், தனி செருப்பு. வேலை செய்கிறவர் முதலில் ஆரோக்கியமான குட்டிகளைப் பார்த்துவிட்டு, அப்புறம் பெரிய நாய்களையும், கடைசியில்தான் நோய் நாய்களையும் பார்க்க வேண்டும். கட்டடத்தின் நடைபாதையே அந்த வரிசையில் இருந்தால் புது ஆள் வேலைக்கு வந்தாலும் தப்பு நடக்காது.

பார்வோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் குட்டிகள் உள்ள காப்பகத்தை ஒரே வாரத்தில் காலி செய்துவிடக்கூடியது அது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புத் தண்ணீர், வாசனை ஃபினாயில் எதுவும் அதை அசைக்காது. ப்ளீச்தான் கொல்லும், அதுவும் மலத்தையும் அழுக்கையும் முழுக்கக் கழுவி எடுத்த தரையில், பத்து நிமிஷம் ஈரமாக இருந்தால்தான். அதனால் தடுப்பூசி வரிசை முடியாத குட்டிகளை மண் தரையில் விளையாட விடக் கூடாது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மண்ணைக் கழுவ முடியாது. குட்டிகளுக்குச் சிமெண்ட் தரை, ஊசி முடிந்த பெரிய நாய்களுக்கு மண்ணும் புல்லும் என்று பிரித்துவிட வேண்டும்.

ஃபினாயில் என்றதும் இன்னொன்று. நம் வீடுகளில் தரை துடைக்கப் பயன்படுத்தும் பல ஃபினாயில் வகைகள் பூனைகளுக்கு விஷம். அந்த ரசாயனத்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டு பாதத்தை நக்கும், அவ்வளவு போதும். பூனை அறைப் பக்கம் ஃபினாயில் பாட்டிலே போகக் கூடாது.

ஒரு நாய் அறை

ஒரே ஒரு நாய் அறையை எடுத்துக்கொண்டு விவரமாகப் பார்ப்போம். மற்றதெல்லாம் இதன் நகல்தான்.

4 அடி அகலம், 12 அடி நீளம். நடுவில் ஒரு சுவர், அதில் மேலே தூக்கித் திறக்கிற ஒரு சின்னக் கதவு. உள்பக்கம் 6 அடி, வெளிப்பக்கம் 6 அடி. உள்ளே படுக்கிற இடம், வெளியே ஒன்றுக்கு இரண்டுக்குப் போகிற இடம். பெரும்பாலான நாய்கள் தான் படுக்கிற இடத்தை அசிங்கம் செய்ய விரும்பாது. அதற்கு ஒரு வழி கொடுத்துவிட்டால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் நிற்கும். தத்து எடுத்தவர் முதல் வாரத்தில் சலித்துக்கொள்கிற பெரிய விஷயம் இதுதானே. இன்னொரு லாபம், கழுவும்போது நாயை மறுபக்கம் அனுப்பிக் கதவை இறக்கிவிடலாம். நாய் மேல் தண்ணீர் அடிக்க வேண்டியதில்லை, பயந்த நாயைக் கழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. தினமும் நனைகிற நாய்க்குத் தோல் நோய் வராமல் இருக்காது.

தரைக்குப் பளபள டைல்ஸ் வேண்டாம். நாய்க்குக் கால் வழுக்கும், வழுக்குகிற தரையில் நிற்கிற நாய் பயந்த நாய் மாதிரியே தெரியும். லேசான சொரசொரப்போடு இழைத்த சிமெண்ட் தரை போதும். மேஸ்திரியிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வாட்டம். 4 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் தங்காமல் ஓடிவிடும். ஒவ்வொரு அறையின் தண்ணீரும் நேராக வெளியே உள்ள மூடிய கால்வாயில் விழ வேண்டும். பக்கத்து அறை வழியாக ஓடக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மிச்சம் பிடித்த காப்பகங்களில் ஒரு நாயின் நோய் வரிசையில் உள்ள எல்லா நாய்க்கும் போய்ச் சேர்கிறது. தரையும் சுவரும் சேர்கிற மூலையை வளைவாகப் பூசச் சொல்லுங்கள், துடைப்பம் உள்ளே போகும்.

சுவர்ப் பூச்சில் விரிசல் இருக்கக் கூடாது. இது அழகுக்காகச் சொல்வதல்ல, உண்ணிக்காக. நம் பக்கத்து நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் எத்தனையோ நாய்களை ரத்தம் குறைத்துக் கொல்கிறது. ரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் ஏறி, விரிசலுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய்க்கு மருந்து போட்டுக்கொண்டே இருந்தாலும் சுவரிலிருந்து புது உண்ணி வந்துகொண்டே இருக்கும். அதனால் செங்கல் தெரிகிற மாதிரி அழகுக்காகப் பூசாமல் விடுகிற சுவர், கருங்கல் அடுக்கு, மூங்கில் தட்டி எதுவும் நாய் அறைக்குள் வேண்டாம். படங்களில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் அலுவலகச் சுவரில் அதைச் செய்துகொள்ளட்டும்.

அறைகளுக்கு இடையில் உள்ள சுவர் 5 அடியாவது மூடியிருக்க வேண்டும். முன்பக்கக் கதவில் கீழ்ப் பாதி தகடு, மேல் பாதி கம்பி வலை. எதிரெதிரே இரண்டு வரிசை கட்டாமல் ஒரே வரிசையாகக் கட்டி, எதிரே செடிகளோ வெற்றுச் சுவரோ இருக்கும்படி செய்வது நல்லது. காரணம் சத்தம். ஒரு நாய் இன்னொரு நாயைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஆனால் கிட்டப் போக முடியாது. அந்தத் தவிப்பில் குரைக்கும், அது குரைத்தால் எல்லாம் குரைக்கும். காப்பகங்களில் அளந்து பார்த்தவர்கள் சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் 8 மணி நேர வேலைக்கு நம் நாட்டில் அனுமதிக்கும் அளவு 90. நம்மை விடப் பல மடங்கு கூர்மையான காது உள்ள பிராணி அதற்குள் ராத்திரி பகலாக இருக்கிறது. பார்க்க வருகிற குடும்பமோ இரண்டு நிமிஷத்தில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. இப்படியே நாய்க்கு ஒரு நாள் கூடிவிடுகிறது.

நாய் வாய் எட்டாத உயரத்தில், கூரைக்கு அடியில் தென்னை நார்ப் பலகைகளை அடித்தால் எதிரொலி குறையும். டெபோரா வெல்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2002ல் வெளியிட்ட ஆய்வில், மெல்லிய சாஸ்திரீய இசை ஒலித்தபோது காப்பக நாய்கள் அதிக நேரம் ஓய்வெடுத்தன, அதிரடியான ஹெவி மெட்டல் போட்டபோது கூடுதலாகக் குரைத்தன. அது மேற்கத்திய இசை. நாதஸ்வரத்தை விட வீணையும் புல்லாங்குழலும் பொருத்தமாக இருக்கும் என்பது என் ஊகம், சத்தத்தைக் குறைவாக வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

வெயில்

வேலூரில் காப்பகம் கட்டுகிறவர் வெயிலை மறந்தால் மற்ற எதைச் செய்தும் பலனில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம். சுற்றியுள்ள பாறை மலைகள் பகலில் வாங்கின சூட்டை ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டிருக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தாங்க முடியாமல் இரைக்கிற நாய், பார்க்கிறவருக்கு முரட்டு நாயாகவோ நோயாளி நாயாகவோதான் தெரியும்.

கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் சாய்ந்த வெயிலும் குறுகிய பக்கச் சுவர்களில் மட்டும் அடிக்கும். அந்த இரண்டு சுவர்களிலும் அறை வைக்காமல் சாமான் அறை வைத்துக்கொள்ளலாம். நீளப் பக்கங்களில் 4 அடிக்கு நீட்டிய தாழ்வாரம். கூரைக்கு வெறும் தகர ஷீட் போடுவதைப் போலக் கொடுமை இல்லை. காசு இல்லை, ஷீட்தான் முடியும் என்றால் 12 அடி உயரத்தில் போட்டு, மேலே வெள்ளைப் பூச்சு அடித்து, உச்சியில் சூடான காற்று வெளியேற இடைவெளி விட வேண்டும். நாட்டு ஓடு முடிந்தால் அதுவே சிறந்தது. தெற்கிலும் மேற்கிலும் புங்கை, வேம்பு. புங்கை சீக்கிரம் வளரும், அடர்ந்த நிழல் தரும்.

வெளிநாட்டுப் படங்களில் நாய் அறைக்கு முழுக் கண்ணாடிக் கதவு போட்டிருப்பார்கள். அது குளிர் நாட்டுக்கு, ஏசி உள்ள கட்டடத்துக்கு. கரண்ட் போனால் நம் ஊரில் அது அடுப்பு. கம்பி வலையில் காற்று வரும், நாய் உங்கள் கையை மோந்து பார்க்கவும் முடியும்.

பூனைகளுக்கு வேறு நியாயம். நாய் குரைக்கிற சத்தம் கேட்கிற இடத்தில் பூனை சாப்பிடாது, வெளியே தலை காட்டாது, யாரும் அதைத் தத்து எடுக்கவும் மாட்டார்கள். அதனால் பூனைப் பகுதி கட்டடத்தின் மறு கோடியில், நாய் வாசனை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பூனைக்குத் தரைப் பரப்பை விட உயரம் முக்கியம். சுவரில் படிப்படியாகப் பலகைகள், ஒவ்வொரு பூனைக்கும் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி. பெட்டி வைத்தால் பூனை தெரியாதே என்று எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் ஒளிய இடம் இருக்கிற பூனைதான் தைரியமாக வெளியே வரும்.

திண்ணை

பணம் குறைவாக இருந்து எதையாவது வெட்ட வேண்டும் என்றால் தயவுசெய்து இதை மட்டும் வெட்டாதீர்கள்: நாயும் மனிதரும் சந்தித்துப் பழகுகிற இடம்.

அலெக்ஸாண்ட்ரா புரோட்டோபோபோவா, கிளைவ் வின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்ட ஆய்வு இதில் மிகவும் உதவும். காப்பகத்துக்கு வந்தவர்கள் நாய்களை வெளியே எடுத்துப் பழகுவதை உட்கார்ந்து கவனித்தார்கள். பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு நாயைத்தான் வெளியே எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் சில நிமிஷங்கள்தான். அந்தச் சில நிமிஷத்தில் இரண்டே நடத்தைகள் முடிவைப் பெரிதும் மாற்றின. விளையாடக் கூப்பிட்டபோது நாய் கண்டுகொள்ளாமல் இருந்தால் எடுக்கவில்லை. பக்கத்தில் வந்து படுத்தால் எடுத்தார்கள்.

பக்கத்தில் வந்து படுக்க வேண்டும் என்றால் அதற்கு ஏற்ற இடம் வேண்டுமல்லவா? பத்துப் பேர் நடக்கிற வராந்தாவில், மற்ற நாய்கள் குரைக்கிற நடுவில், எந்த நாயும் படுக்காது. அதனால் சின்னதாக, 10 அடிக்கு 12 அடி, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் செடிகள், மேலே நிழல். ஓரத்தில் முக்கால் அடி, ஒரு அடி உயரத்தில் அகலமான திண்ணை. நாற்காலி வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் நாய்க்கு மேலே தெரிவார். திண்ணையில் உட்கார்ந்தால் அதன் பக்கத்தில் இருப்பார், குழந்தைகள் தரையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளே பொருட்கள் அதிகம் இருந்தால் நாய் மோந்துகொண்டே சுற்றும், ஆளைப் பார்க்காது. ஒரு பந்து, ஒரு தண்ணீர்க் கிண்ணம், திண்ணை ஓரத்தில் ஒரு பழைய சாக்கு, அது போதும். வருவதற்கு முன் நாயைக் கொஞ்சம் நடக்கவிட்டு, ஒன்றுக்குப் போக வைத்து அழைத்து வந்தால் சாக்கில் வந்து படுக்க வாய்ப்பு அதிகம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்த நாய் வீட்டில் எப்படி இருக்குமோ அப்படித் தெரிவதற்கு ஒரு இடம் அமைத்துக் கொடுக்கிறோம்.

இரண்டு கதவு முறையும் இங்கே வேண்டும். ஒரு கதவைத் திறந்து உள்ளே வந்து மூடிய பிறகுதான் அடுத்தது. நாய் நழுவி ரோட்டுக்கு ஓடினால் அந்த நாளே போயிற்று.

நாயின் கதவில் தொங்கும் அட்டையும் சந்திப்பின் ஒரு பகுதி. "பெண், 2 வயது, நாட்டு நாய், சொறி குணமானது, கருத்தடை முடிந்தது" என்று எழுதினால் அது ஆஸ்பத்திரிச் சீட்டு. இப்படி எழுதிப் பாருங்கள்: "என் பேர் செல்வி. வயசு 2. மோர்சாதம் என்றால் உயிர். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். பட்டாசுக்குப் பயம், அன்றைக்கு மட்டும் பக்கத்தில் யாராவது இருக்கணும். பூனையைப் பார்த்தால் துரத்துவேன்." கடைசி வரி முக்கியம். குறையை மறைத்துக் கொடுத்த நாய் திரும்பி வரும். போட்டோவும் கூண்டுக்கு வெளியே, நாயின் கண் உயரத்தில் உட்கார்ந்து, மாலை வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கட்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போகப் போவது அதுதான்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் சில காப்பகங்கள் கேட்கிற கேள்விகளைப் பார்த்தால் பெண் பார்க்க வந்தவர்கள் தோற்றுவிடுவார்கள். சொந்த வீடா, சம்பளம் எவ்வளவு, மதில் எத்தனை அடி. வாடகை வீட்டில் இருப்பவர் நாய் வளர்க்கக் கூடாதா? வீட்டு ஓனர் சம்மதம் இருக்கிறதா, பகலில் யார் வீட்டில் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், வீட்டில் எல்லோருக்கும் விருப்பமா என்று திண்ணையில் உட்கார்ந்து பேசினாலே போதிய அளவு தெரிந்துவிடும். மாட்டேன் என்று சொல்ல வேண்டிய சந்தர்ப்பமும் வரும். நம் ஊரில் படிக்க வந்திருக்கும் மாணவர்கள் ஆசையாகக் குட்டி கேட்பார்கள். நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும், படிப்பு நான்கு வருஷத்தில் முடியும். அவர்களுக்குத் தத்துக் கொடுப்பதை விட, சாயங்காலம் நாய்களை நடக்க அழைத்துப் போக, குட்டிகளோடு பழக, போட்டோ எடுக்க அழைப்பது நல்லது. 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை உள்ள குட்டி பலவிதமான மனிதர்களோடு பழகினால்தான் பின்னால் யாருக்கும் பயப்படாத நாயாக வளரும். அந்த வேலைக்கு மாணவர்களை விட நல்ல ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

தத்துப் போகிற நாய்க்குக் கருத்தடை, ரேபீஸ் ஊசி, மற்ற தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் முடிந்து, தடுப்பூசி அட்டை கையில் இருக்க வேண்டும். "நீங்களே பின்னால் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அனுப்பினால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள், கருத்தடை செய்யாத நாயின் குட்டிகள் அடுத்த வருஷம் அதே காப்பகத்துக்கு வரும். வேலை செய்கிறவர்களுக்கும் நாய் கடிக்கும் முன்பே ரேபீஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், இதில் சமரசம் கூடாது.

சிறிதாகத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு என் ஆலோசனை: முதல் வருஷம் நாய் அறைகளை 8க்கு மேல் கட்டாதீர்கள். கண்காணிப்பு அறை, தொற்று அறை, திண்ணை மூன்றையும் முதலில் முடியுங்கள். வருகிற எல்லா நாயையும் எடுத்துக்கொள்ள முடியாது என்பது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் 8 அறையில் 30 நாயை அடைத்தால் ஒரு நாயும் தத்துப் போகாது.

கடைசியாக, திரும்பி வருகிற நாய்கள். சில நாய்கள் திரும்பி வரத்தான் செய்யும். கொண்டு வந்து விடுகிறவரைத் திட்டி அனுப்பினால் அடுத்தவர் கொண்டு வரவே மாட்டார், ஹைவே ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அதனால் எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று தத்துப் படிவத்திலேயே பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். முதல் 3 நாள், பிறகு 3 வாரம், பிறகு 3 மாதம் என்று போன் செய்து விசாரித்தால் பாதிப் பிரச்சினைகள் போனிலேயே தீர்ந்துவிடும். தீராமல் நாயைக் கொண்டு வந்தால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதைக் கேட்டபடியே அட்டையில் புதிதாக ஒரு வரி சேர்க்கலாம்: "தனியாக விட்டால் அழுவேன். இன்னொரு நாய் இருக்கிற வீடு என்றால் சந்தோஷம்." அந்த வரி தெரியாமல்தான் அந்த நாய் முதல் தடவை தப்பான வீட்டுக்குப் போனது.